பலகை மாட்டிய மங்குஸ்தான்

மரத்தில் பலகை தொங்கியது. நல்ல தேக்குப் பலகை, இழைத்து, எண்ணெய் தேய்த்து, வெள்ளைப் பெயின்டில் ‘மேஸ்திரி வைத்திலிங்கம்’ என்று தமிழிலும் அதற்குக் கீழே இங்கிலீஷிலும் எழுதியிருந்தது. மரத்தைச் சுற்றி மார்பளவுக்கு மூங்கில் வேலி. வேலிக்கு ஒரு படல். படலுக்கு ஒரு பூட்டு.

நீலாம்பாள் தண்ணீர் டின்னை இடுப்பில் வைத்தபடி அந்தப் பூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒன்பது வருஷமாகக் காலையும் மாலையும் அவள் தண்ணீர் ஊற்றிய மரம் அது. நேற்று மாலைகூட ஊற்றினாள். அப்போது வேலியும் இல்லை, பூட்டும் இல்லை. மரத்தில் பதினோரு காய்கள் மட்டும் இருந்தன. இன்றும் அவை இருந்தன, ஆனால் பூட்டுக்கு உள்ளே இருந்தன.

“இது என்ன கூத்து?” என்று அவள் கேட்டாள். லைனில் திறந்திருந்த கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன.

ரங்கூனில் பசுண்டான் கால்வாயை ஒட்டி இருந்த அந்த அரிசி ஆலையின் கூலி லைனில் நாற்பது வீடுகள். வீடு என்று சொல்வது மரியாதைக்கு. தகரக் கூரை போட்ட நாற்பது அறைகள். யாருக்கு எந்த அறை, யார் இருக்கலாம், யார் மூட்டை கட்ட வேண்டும் என்பதெல்லாம் மேஸ்திரி வைத்திலிங்கத்தின் வாயில் இருந்தது. நீலாம்பாளின் புருஷன் தண்டபாணி ஆலையில் பாய்லருக்கு உமி தள்ளுகிறவர். நெருப்புக்குப் பயப்படாதவர், மேஸ்திரிக்குப் பயப்படுகிறவர்.

பிள்ளையில்லாதவள் மரத்தைப் பிள்ளையாக வளர்த்தாள் என்று யாரும் கண் கலங்க வேண்டாம். நீலாம்பாளுக்கு மூன்று பிள்ளைகள், மூன்றும் வாயாடிகள். அவள் மரம் வளர்த்தது ரோஷத்தால்.

பக்கத்து அறை ஹாஜராவின் புருஷன் சுலைமானுக்குத் தெற்கே தவாய்த் துறைமுகத்துக்குப் போய்வரும் கப்பலில் வேலை. ஒரு மழைக்காலத்தில் அவர் ஒரு கூடை மங்குஸ்தான் கொண்டுவந்தார். பர்மாக்காரர்கள் மிங்குத் என்பார்கள். ஹாஜரா ஆறு பழங்களைத் தட்டில் வைத்து நீட்டினாள். கருஞ்சிவப்புத் தோலை இரண்டு கையாலும் அமுக்கிப் பிளந்தால் உள்ளே பூண்டுப் பல் மாதிரி வெள்ளைச் சுளை. நீலாம்பாள் ஒன்றை வாயில் போட்டாள். அதுவரை தான் தின்றதெல்லாம் பழமே இல்லை என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. கொட்டையை எறியாமல் கையில் வைத்துக்கொண்டு, “இதை நட்டா வருமா?” என்று கேட்டாள்.

அந்த வழியாகப் போய்க்கொண்டிருந்த மேஸ்திரி நின்று சிரித்தார். “ரங்கூன்ல இது வராது. வந்தாலும் கூலி லைன்ல வராது. இது துரைமார் தின்கிற பழம், நீலாம்பா. நீ முருங்கைக் குச்சி ஊன்று, போதும்” என்றார்.

அதைச் சொல்லாமல் போயிருந்தால் அவள் கொட்டையை எறிந்திருப்பாள்.

அந்தக் கொட்டை ஒரு வாரம் காய்ந்தாலே செத்துப்போகும் என்று சுலைமான் சொன்னதால் அன்றைக்கே நட்டாள். மண்ணெண்ணெய் டின்னில் உமிச்சாம்பலும் சாணமும் கால்வாய்க் கரை மண்ணும் கலந்து ஐந்து கொட்டை போட்டாள். இரண்டு முளைத்தன. ஒன்றைக் கோழி கொத்தியது. மிச்சமிருந்த ஒன்று முதல் வருஷம் முழுக்க நாலே இலையோடு நின்றது. லைன் முழுக்கச் சிரித்தது. “நீலாம்பா, உன் தோப்பு எப்படி இருக்கு?” என்று தண்ணீர்க் குழாயடியில் கேட்பார்கள். கேட்கிறவர்களில் முதல் குரல் மேஸ்திரியுடையது.

அந்தச் செடிக்கு வெயில் ஆகாது. நாலு கழி நட்டு, பழைய அரிசிச் சாக்கை மேலே கட்டி நிழல் போட்டாள். அதன் ஆணிவேரைத் தொட்டால் செடி படுத்துவிடும். அதனால் தரையில் வைக்கும்போது டின்னின் அடியை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு டின்னோடு புதைத்தாள். ஒரு கோடையில் குழாயில் தண்ணீர் வராமல் தண்டபாணி கால்வாய்த் தண்ணீரை ஊற்றிவிட்டார். கடல் ஏறி வரும் நேரத்து உப்புத் தண்ணீர். இலை ஓரமெல்லாம் கருகிப்போயிற்று. மூன்று நாள் அவள் அவரோடு பேசவில்லை. அதற்கப்புறம் அரை மைல் நடந்து பொதுக் கிணற்றிலிருந்து சுமந்து ஊற்றினாள். அப்படி வளர்ந்தது மரம். ஒன்பதாம் வருஷம் ஆள் உயரத்தைத் தாண்டி, கூம்பு மாதிரி அடர்ந்து, தடித்த இலையோடு நின்றது. பூ மட்டும் இல்லை.

காய்க்காத மரத்துக்கு அவள் தாய்வீட்டுப் பக்கத்தில் ஒரு வைத்தியம் உண்டு. பொங்கலுக்கு மறுநாள் மரத்துக்கு உடையவர் அரிவாளை எடுத்துக்கொண்டு போய் மரத்தை வாய்க்கு வந்தபடி திட்டி, வெட்டப்போவதாக ஓங்க வேண்டும். வேறு வீட்டுக்காரர் ஒருவர் குறுக்கே வந்து, வெட்டாதீர்கள், இந்த வருஷம் காய்க்கும், நான் ஜாமீன் என்று கெஞ்ச வேண்டும். மூன்று தடவை ஓங்கி, மூன்று தடவை கெஞ்சி, கடைசியில் அரிவாளைக் கீழே போட வேண்டும். மரம் பயந்து காய்த்துவிடும். லைனில் இருந்த எல்லாருக்கும் அது தெரியும். பாதிப் பேர் ஊரில் புளியையும் மாவையும் அப்படி மிரட்டியவர்கள்தான்.

அந்தப் பொங்கலுக்கு நீலாம்பாள் மிரட்டினாள். சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, அரிவாளின் முதுகால் அடிமரத்தில் ஒரு தட்டுத் தட்டினாள்.

“ஒன்பது வருஷமா தண்ணி குடிச்ச, சாம்பல் தின்ன. ஒரு பூ உண்டா? நீ என் மரமே இல்ல. எனக்கு வேணாம். இன்னைக்கு உன்ன வெட்டி அடுப்புல வைக்கிறேன் பாரு.”

ஹாஜரா ஓடிவந்து குறுக்கே நின்றாள். “வெட்டாதீங்கக்கா, வெட்டாதீங்க. இந்த வருஷம் காய்க்கும். நான் ஜாமீன். காய்க்கலைன்னா என்னையக் கேளுங்க.”

மூன்று தடவையும் நடந்தது. எல்லாரும் சிரித்தார்கள். மேஸ்திரியும் சிரித்தார். சர்க்கரைப் பொங்கல் இரண்டு இலை வாங்கித் தின்றார். மாசி பிறந்ததும் மரம் பூத்தது. பூ உதிர்ந்தது போக வைகாசிக்குப் பதினோரு காய் நின்றன. மேஸ்திரி காலையில் வேலைக்குப் போகும்போது ஒரு தடவை, திரும்பும்போது ஒரு தடவை நின்று பார்த்தார். பிறகு பூட்டு வந்தது.

நீலாம்பாள் டின்னை அங்கேயே வைத்துவிட்டு நேரே மேஸ்திரி வீட்டு வாசலுக்குப் போனாள்.

“என் மரத்துல உங்க பேரு எதுக்கு மேஸ்திரி?”

அவர் பல் குச்சியை வாயிலிருந்து எடுக்காமலே சொன்னார். “உன் மரமா? நீதானே பொங்கல் மறுநாள் நாப்பது வீட்டுக்கு முன்னால சொன்ன, என் மரமே இல்ல, எனக்கு வேணாம்னு. வேணாம்னு போட்ட பொருளு. ஆலை மண்ணுல நிக்கிது. நான் எடுத்துக்கிட்டேன்.”

வெள்ளைக்காரன் சொல்லியிருந்தால், அவனுக்கு வழக்கம் தெரியாது என்று அவள் விட்டிருப்பாள். இந்த மனிதர் தஞ்சாவூர்ப் பக்கம். சொந்தக் கொல்லை நாரத்தையை மிரட்டிய கதையை அவரே குழாயடியில் சொல்லியிருக்கிறார். தெரிந்துகொண்டே கண் கொட்டாமல் பேசுகிறார்.

“அது மரத்த மிரட்டறதுக்குச் சொல்றது. உங்களுக்குத் தெரியாதா?”

“எனக்கு என்ன தெரியும்? நீ சொன்னத காதால கேட்டேன். கேட்டவங்க நாப்பது பேரு.”

வீட்டுக்கு வந்து தண்டபாணியிடம் சொன்னாள். அவர் கஞ்சியைக் குடித்து முடித்தார். பிறகு, “விட்டுடு நீலா. மரத்துக்காக வீட்ட விட முடியுமா? அவன் நெனச்சா நாளைக்கே மூட்டையத் தூக்கி வெளில வைப்பான்” என்றார். அவர் சொன்னது நியாயம். நியாயமாக இருந்ததால்தான் அவளுக்கு இன்னும் கோபம் வந்தது.

ஆனி மாதம் காய்கள் கருஞ்சிவப்பாகத் திரும்பின. ஒரு ஞாயிற்றுக்கிழமை மேனேஜர் துரையின் சம்சாரம் குடை பிடித்துக்கொண்டு லைனுக்கு வந்தாள். பத்து வருஷத்தில் லைனுக்குள் அவள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. மேஸ்திரி கோட்டு போட்டிருந்தார். படலைத் திறந்து, ஒவ்வொரு பழமாகக் காம்போடு கிள்ளி, பூப்போட்ட துணி விரித்த கூடையில் வைத்தார். பழத்தின் அடியில் இருக்கும் பூ முத்திரையைக் காட்டி, அதில் எத்தனை இதழோ உள்ளே அத்தனை சுளை என்று விளக்கினார். அதை அவருக்கு யார் சொன்னது? இதே நீலாம்பாள்தான், காய் சின்னதாக இருந்தபோது.

அவளால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள். “அம்மா, இது நான் வச்ச மரம். கொட்டையில இருந்து நான் வளத்தேன்” என்றாள்.

துரைசானி கூட வந்திருந்த ஆலை கிளார்க் செல்லையாவைப் பார்த்தாள். செல்லையா மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி மெதுவாக ஏதோ சொன்னார். செல்லையா அதை இங்கிலீஷாக்கினார். துரைசானியின் முகம் மாறியது. அவள் நீலாம்பாளைப் பார்த்து, குழந்தைக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு வார்த்தையாக ஏதோ சொன்னாள். பிறகு மேஸ்திரியின் பக்கம் திரும்பித் தலையசைத்துச் சிரித்தாள்.

“என்ன சொல்றாங்க?” என்று நீலாம்பாள் கேட்டாள்.

செல்லையா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “நீ மரத்த வேணாம்னு வெட்டப்போனியாம். மேஸ்திரி காப்பாத்தினாராம். மரத்த வெட்டறது பாவம், இனிமே அப்படிச் செய்யாதேங்கிறாங்க.”

மேஸ்திரி அப்படிச் சொன்னதுகூட அவளுக்குப் பெரிதில்லை. இந்த அம்மாள் தனக்குப் புத்தி சொல்லிவிட்டுப் போகிறாள். அரை மைல் தண்ணீர் சுமந்தவளுக்கு, மரத்தை வெட்டாதே என்று குடைக்கு அடியில் நின்றுகொண்டு புத்தி. பதினோரு பழமும் கூடையோடு பங்களாவுக்குப் போயிற்று. ஒரு சுளைகூட லைனில் யார் வாயிலும் படவில்லை. கூடை போன பிறகு ஹாஜராதான் அழுதாள். நீலாம்பாள் தண்ணீர் டின்னை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள்.

அதுவரை வேலிக்கு மேலாக ஊற்றிவந்த தண்ணீரை மறுநாளிலிருந்து அவள் நிறுத்தினாள். மழைக்காலம் முழுக்க அது யாருக்கும் தெரியவில்லை. கார்த்திகையில் மழை ஓய்ந்தது. தையில் மண் வெடித்தது. மேஸ்திரி ஆள் விட்டு ஊற்றச் சொன்னார். ஆட்கள் அரை மைல் நடப்பார்களா? கால்வாயில் மொண்டு ஊற்றினார்கள். இலை ஓரம் கருகத் தொடங்கியது. நீலாம்பாள் வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்தபடி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். உப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. எழுந்து உள்ளே போய்விட்டாள். ஒரு பச்சை மரம் வாடுவதைப் பார்க்கப் பிடிவாதம் வேண்டும். அது அவளிடம் இருந்தது, ஆனால் அந்தக் கோடையில் அவள் பாதி உடம்பாகிவிட்டாள்.

வைகாசி மழை மரத்தைக் காப்பாற்றியது. காய் மட்டும் ஒன்றும் இல்லை. ஆனியில் பங்களாவிலிருந்து கூடை வந்தது, வெறும் கூடையாகத் திரும்பிப் போயிற்று. அடுத்த வருஷம் சீமையிலிருந்து விருந்தாளி வருகிறார்கள், மேஸ்திரியின் மரத்துப் பழத்தை அவர்களுக்குக் காட்டப்போகிறேன் என்று துரைசானி சொல்லி அனுப்பினாள். அதைக் கேட்ட நாளிலிருந்து மேஸ்திரிக்குச் சோறு இறங்கவில்லை.

அதனால் அடுத்த பொங்கலுக்கு மறுநாள் அவர் அரிவாளை எடுத்துக்கொண்டு மரத்தடிக்கு வந்தார். வெட்கம் என்று ஒன்று இருந்தால் வருவாரா? வழக்கமே தெரியாது என்று சாதித்த அதே வாய், லைனில் எல்லாரையும் கூப்பிட்டு நிற்கவைத்தது. செல்லையாவும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார். மேஸ்திரி வேட்டியை மடித்துக் கட்டி, படலைத் திறந்து உள்ளே போய், மரத்தை ஒரு தட்டுத் தட்டினார்.

“காய்க்காத மூதேவி. இன்னைக்கு உன்ன வெட்டிப் பாய்லர்ல போடறேன்” என்று சொல்லி அரிவாளை ஓங்கினார்.

ஓங்கிய கை அப்படியே நின்றது. யாரும் குறுக்கே வரவில்லை.

“வெட்டப்போறேன்” என்றார் மறுபடியும், கொஞ்சம் சத்தமாக. நாற்பது வீட்டு ஆட்களும் மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு காக்கை மட்டும் தகரத்தின் மேல் நடந்தது.

“டேய் வடிவேலு. என்னடா பாத்துக்கிட்டு நிக்கிற? சொல்லேண்டா” என்று மூட்டை தூக்கும் வடிவேலை அதட்டினார்.

வடிவேல் தலையைச் சொறிந்தான். “ஜாமீன் நிக்கணுமே மேஸ்திரி. காய்க்கலைன்னா என் வீட்டையில்ல காலி பண்ணச் சொல்லுவீங்க.”

யாரோ சிரிப்பை அடக்க இருமினார்கள். மேஸ்திரி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பார்க்கப் பார்க்க முகங்கள் திரும்பிக்கொண்டன. பயந்துதான் திரும்பின. அவர் வருஷக்கணக்காக நட்டு வளர்த்த பயம், அன்றைக்குக் காய்த்தது. கை வலித்திருக்க வேண்டும், அரிவாள் ஆடத் தொடங்கியது. வெட்டினால் துரைசானி கேட்பாள். வெட்டாமல் இறக்கினால் மிரட்டல் பலிக்காது, மரம் காய்க்காது. அதில் அவருக்கு இருந்த நம்பிக்கை லைனில் வேறு யாருக்கும் இல்லை.

ஹாஜரா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு சொன்னாள். “அப்பவே சொல்லணும்னு நெனச்சேன். உடையவங்க ஓங்கினாத்தான் மரம் பயப்படும். வேற யார் ஓங்கினாலும் அதுக்கு என்ன?”

மேஸ்திரி கையை இறக்கினார். நீலாம்பாள் கூட்டத்தின் ஓரத்தில் கை கட்டி நின்றிருந்தாள். அவர் நடந்து வந்து அரிவாளை அவள் பக்கம் நீட்டினார். “நீயே செஞ்சிடு நீலாம்பா” என்றார்.

“யாரு மரத்துக்கு?”

“நீ வச்சதுதானே.”

“வச்சது இருக்கட்டும். மரம் யாருது?”

அவர் மீசையைத் தடவினார். செல்லையாவைப் பார்த்தார். வேறு வழி எங்கும் தெரியவில்லை. “உன்னுதுதான்” என்றார் வாய்க்குள்.

“கோடி வீட்டு சொர்ணம்மாளுக்குக் காது மந்தம். அவளுக்குக் கேக்கல.”

“உன் மரம். நீலாம்பா மரம். போதுமா?”

“பலகையக் கழட்டுங்க.”

அவரே கழற்றினார். ஆணி இறுகியிருந்தது. யாரும் ஒரு கை கொடுக்கவில்லை. அரிவாள் முனையால் நெம்பி எடுக்க வேண்டியிருந்தது. எடுத்த இடத்தில் மஞ்சள் பால் கசிந்தது. நீலாம்பாள் முந்தானையால் அதை ஒற்றினாள். பிறகு அரிவாளை வாங்கிக்கொண்டு மரத்துக்கு எதிரே நின்றாள்.

என்ன சொல்வது என்று எல்லாருக்கும் தெரியும். அந்த ஒரு வாக்கியத்தால்தான் இத்தனையும் வந்தது.

“நீ என் மரம்” என்றாள். “நான் நட்டேன், நான் தண்ணி ஊத்தினேன், நான் ஊத்தாமலும் விட்டேன். என் மரம்ங்கிறதால நான் கேக்கறேன். இந்த வருஷம் காய்க்கலைன்னா நான் வெட்டுவேன்.”

அரிவாள் மேலே போனது. மேஸ்திரி பதறிக் குறுக்கே விழுந்தார். “வெட்டாதே நீலாம்பா, காய்க்கும், நான் ஜாமீன்.”

“உங்க ஜாமீன் இங்க செல்லாது மேஸ்திரி. தள்ளி நில்லுங்க” என்றாள் அவள், அரிவாளை இறக்காமல்.

அவர் தள்ளி நின்றார். ஹாஜரா அந்த இடத்துக்கு வந்தாள். “வெட்டாதீங்கக்கா. நான் போன தடவையும் ஜாமீன் நின்னேன், காய்ச்சிது. இந்தத் தடவையும் நான் ஜாமீன்” என்றாள். மூன்று தடவை ஓங்கி, மூன்று தடவை கேட்டு, நீலாம்பாள் அரிவாளைக் கீழே போட்டாள்.

போட்டுவிட்டுச் செல்லையாவைக் கூப்பிட்டாள்.

“பழுத்தா துரைசானிக்கு ஒண்ணு நானே கொண்டுபோய்க் குடுப்பேன். கூடைய அனுப்ப வேணாம்னு சொல்லுங்க. நான் பேசறப்போ பக்கத்துல நின்னு, நான் சொல்றத மட்டும் இங்கிலீஷ்ல சொல்லணும். மரத்த வெட்டக்கூடாதுன்னு எனக்கு யாரும் சொல்லித்தர வேணாம். முதல்ல அதச் சொல்லணும்.”

செல்லையா மேஸ்திரியைப் பார்க்கவில்லை. “சொல்றேன் அக்கா” என்றார்.

தண்டபாணி அதற்குள் வேலியைப் பிடுங்க ஆரம்பித்திருந்தார். நாளைக்கு என்ன ஆகும் என்று அவர் கேட்கவில்லை. அந்தத் தேக்குப் பலகை அன்று மாலை நீலாம்பாளின் அடுப்பில் எரிந்தது. எண்ணெய் தேய்த்த பலகை, நன்றாகவே எரிந்தது. உலை கொதிக்கும் முன்பே அவள் டின்னை எடுத்துக்கொண்டு பொதுக் கிணற்றுக்கு நடந்தாள்.